மைசூர் சத்த புராணம்

மைசூர் சரித்திரம் எழுதுகிறவர்கள் உடையார்களில் ஆரம்பித்து, ஹைதர் வீட்டில் கொஞ்சம் இளைப்பாறி, திப்பு வீட்டில் ஒரு பாட்டம் அழுதுவிட்டு, மறுபடி உடையார்களிடமே வந்து மங்களம் பாடி முடிப்பார்கள். ஊடே பட்டு, சந்தன சோப்பு, மைசூர்பாகு என்று மூன்று அத்தியாயம். இத்தனை பேரையும் ஆட்டிவைத்த ஒரு மனிதனை மட்டும் எல்லோருமாகச் சேர்ந்து விட்டுவிட்டார்கள். அவனுக்குப் பெயர் இல்லை, பட்டம் இல்லை, நாற்சந்தியில் சிலையும் இல்லை. கச்சேரிப் பந்தலின் கடைசி வரிசையில், மூங்கில் காலில் சாய்ந்து, செருப்பைத் தொடைக்கடியில் பத்திரப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆயுளில் அவன் பேசியது ஒரே வசனம். கும்பகோணமாக இருந்தால் "கேக்கலை!", மைசூராக இருந்தால் "கேளிஸ்தா இல்லா!"

இந்த ஒற்றை வசனத்துக்கு அஞ்சி ஒரு வித்வான் நல்ல வயலினில் துளை போட்டார். ஒரு பேராசிரியர் குடியிருந்த வீட்டையே ரேடியோ நிலையமாக்கினார். ஒரு மகாராஜா லண்டனில் பணத்தைக் கொட்டினார். பிற்பாடு வந்த மெக்கானிக்குகள் சர்க்யூட்டில் ஒரே ஒரு ரெசிஸ்டன்ஸைக் கழற்றி மாட்டி, ஊரையே காதைப் பொத்திக்கொள்ள வைத்தார்கள். சத்தத்தை ஏற்றுவதற்காக இந்த ஊர் பட்ட பாடுதான் இந்தப் புராணம். கேட்பவர்களுக்குப் புண்ணியம் உண்டு, கேட்டால்.

புலிப் படலம்

மைசூருக்குக் கூப்பிடு தூரத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம். அங்கே திப்பு சுல்தான் அரண்மனையின் இசைக்கூடத்தில் ஒரு புலி இருந்தது. மரப்புலி. ஆள் நீளம். அதன் அடியில் ஓர் ஐரோப்பியன் மல்லாந்து கிடப்பான், அவனும் மரம்தான். பக்கவாட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே துருத்தி ஊதும். புலி உறுமும், வெள்ளைக்காரன் இடது கையைத் தூக்கித் தூக்கி ஓலமிடுவான். புலியின் விலாவில் ஒரு கதவு. திறந்தால் 18 கட்டைகள் கொண்ட ஆர்கன். அதாவது கொலையும் கச்சேரியும் ஒரே பெட்டியில். மைசூர்ச் சீமையின் முதல் ஸ்பீக்கர் பெட்டி என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

1799 மே 4ஆம் தேதி திப்பு விழுந்தார். கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் மூட்டை கட்டியபோது புலியையும் கட்டிக் கப்பலேற்றினார்கள். லண்டனில், கும்பினியின் தலைமையகத்தில், புத்திசாலித்தனமாக யாரும் யோசிக்கவே முடியாத இடத்தில் வைத்தார்கள்: நூலக வாசகசாலைக்குப் பக்கத்தில். வேடிக்கை பார்க்க வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு சுற்று சுற்றினார்கள். சமஸ்கிருத இலக்கணத்தில் மூக்கை நுழைத்திருந்த பண்டிதர்கள் ஒவ்வொரு உறுமலுக்கும் நாற்காலியைவிட்டு ஓரங்குலம் எழும்பினார்கள். பத்திரிகையில் புகார் வரும் அளவுக்கு விஷயம் முற்றியது.

ஹைதர் இரண்டு யுத்தம் நடத்தியும், திப்பு கோட்டை வாசலில் உயிரைக் கொடுத்தும் சாதிக்க முடியாத காரியம் இது. கும்பினியின் சொந்தக் கட்டடத்துக்குள் புகுந்து, பல பத்தாண்டுகள் தங்கி, கும்பினியாரை நிம்மதியாகப் படிக்கவிடாமல் அடித்த ஒரே மைசூர் வீரர் இந்தப் புலிதான். கடைசியில் ஒரு நல்ல நாளில் கைப்பிடி காணாமல் போயிற்று. எடுத்தவர் யாரென்று எவரும் தேடவில்லை. புலி இன்று விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியத்தில் கண்ணாடிக்குள் சமர்த்தாக இருக்கிறது.

சத்தத்தை ஏற்றுவதில் ஒரு பக்கம் தயாரிப்பவன் இருந்தால் மறுபக்கம் கைப்பிடியை ஒளிப்பவன் இருப்பான் என்ற விதி அன்றே எழுதப்பட்டுவிட்டது.

தந்திப் படலம்

அரண்மனைக் கச்சேரியில் கடைசி வரிசை என்பது கிடையாது. வீணை சேஷண்ணா வாசித்தால் எதிரே மகாராஜா. சுற்றிலும், இருமினால் உத்தியோகம் போகும் என்று தெரிந்த அதிகாரிகள். அந்த நிசப்தத்தில் வீணைத் தந்தியின் கடைசி நடுக்கம் வரை கேட்கும். மௌனத்துக்குச் சம்பளம் கொடுத்த காலம் அது.

பிறகு சபா வந்தது, டிக்கெட் வந்தது, ராமநவமிப் பந்தல் வந்தது. காசு கொடுத்தவனுக்கும் கொடுக்காதவனுக்கும் சமமாகக் காது முளைத்தது. கூடவே கடைசி வரிசையும் பிறந்தது. பந்தலில் குழந்தை அழும், பொடி டப்பா திறக்கும், பானகம் சுற்றிவரும். மைக் என்ற வஸ்து இன்னும் கப்பலேறவில்லை. பாடகர்களுக்கு வழி இருந்தது. கட்டையை ஏற்றினார்கள், கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்கள், அதற்கு 'கணீர்' என்று பெயரும் வாங்கினார்கள். மிருதங்கத்துக்குக் கவலையில்லை, அது அடிவாங்கிப் பேசும் ஜாதி. நடுவில் மாட்டிக்கொண்டது வயலின். முன் வரிசைக்கு நாதம், நடு வரிசைக்கு ஞாபகம், கடைசி வரிசைக்கு வில் போய்வருகிற காட்சி மட்டும்.

காவிரியும் கபினியும் கூடும் திருமகூடலு நரசீபுரத்துக்காரர் வயலின் வித்வான் சௌடையா. மைசூரில் பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் குருகுலவாசம். கிருஷ்ணப்பா ராமருக்கே மைசூரில் ஒரு கோயில் கட்டிக் கொடுத்தவர், சிஷ்யனுக்குச் சும்மா பாடம் சொல்லிவிடுவாரா? சௌடையா கறாராகத்தான் வளர்ந்தார். ஆனால் எவ்வளவு சாதகம் செய்தாலும் நாலு தந்தி நாலு தந்திதான். "கேளிஸ்தா இல்லா" என்ற குரல் பின்னாலிருந்து வந்துகொண்டே இருந்தது.

1927இல் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். வயலினின் நாலு தந்தியோடு இன்னும் மூன்றைச் சேர்த்தார். மூன்று தந்திகளுக்கு ஆளுக்கொரு ஜோடி, ஆனால் அதே சுருதியில் அல்ல, ஒரு ஸ்தாயி தள்ளி. மூன்று பிரடைகள் அதிகம், மூன்று துளைகள் அதிகம், பாலத்தில் மூன்று வெட்டுகள் அதிகம். ஒரு விரலை வைத்தால் இரண்டு தந்தி அமுங்க வேண்டும், ஒரு வில் இழுப்பில் இரண்டும் பேச வேண்டும், இரண்டும் ஸ்தாயி பிசகாமல் பேச வேண்டும். நாலு தந்திக்கே சுருதி சேர்த்து முடிப்பதற்குள் முன் வரிசை மாமா காபி குடித்துவிட்டு வந்துவிடுவார். ஏழு தந்தி என்றால் டிபனே முடித்திருக்கலாம்.

இன்றைய கணக்கில் பார்த்தால் இந்த வேலைக்கு எவ்வளவு லாபம்? ஒரு தந்திக்குத் துணையாக இன்னொரு தந்தி சேர்ந்து சக்தி இரட்டிப்பாகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் காட்டுவது 3 டெசிபல் ஏற்றம். "ஆமாம், ரெண்டு மடங்கு சத்தம்தான்" என்று மனிதக் காது ஒப்புக்கொள்வதற்கு ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். கணக்கு வாத்தியார் இந்த இடத்தில் சௌடையாவை ஃபெயிலாக்கிவிடுவார். ஆனால் சௌடையா கணக்கு வாத்தியாரைவிடக் கெட்டிக்காரர். காது எல்லா ஒலியையும் ஒரே பையில் போட்டு எடை பார்ப்பதில்லை. தாழ்ந்தது, நடு, உச்சம் என்று பட்டை பட்டையாகப் பிரித்துத்தான் கேட்கிறது. ஒரே பட்டையில் இரட்டிப்பாகக் கொட்டுவதைவிட, அதே சக்தியைப் பல பட்டைகளில் பரப்பினால் சத்தம் கூடிவிட்டதாகக் காது நம்பும். ஸ்தாயி தள்ளிய ஜோடி அந்தப் பரப்பலைத்தான் செய்தது. ஒலியியல் பாடப்புத்தகம் படிக்காமல், கடைசி வரிசைக்காரனின் முகத்தைப் படித்தே இதைக் கண்டுபிடித்திருக்கிறார்.

இதில் இன்னொரு பிரச்சினை உண்டு. பக்கவாத்தியம் பெரிதாகிவிட்டால் பாடகர் பக்கவாத்தியமாகிவிடுவார். நல்லவேளை, செம்பை வைத்தியநாத பாகவதர் போன்ற வெண்கலத் தொண்டைகள் இருந்தன. செம்பை, சௌடையா, பாலக்காடு மணி ஐயர் என்று மூவரும் மேடையேறினால் கடைசி வரிசைக்காரன் வாயடைத்துப்போனான். சரித்திரத்தில் அவன் "கேக்கலை" சொல்லாத அபூர்வ இரவுகள் அவை.

இந்த இடத்தில் விதி சிரித்தது. அடுத்த சில வருடங்களிலேயே மைக் வந்திறங்கியது. இத்தனை பாடுபட்டுத் துளை போட்டு, பிரடை மாட்டி, விரலைப் பழக்கி முடித்த கையோடு, குமிழியைத் திருகினால் சத்தம் ஏறும் என்றாகிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் மூன்று தந்தியையும் அறுத்துப் போட்டிருப்பார்கள். சௌடையா கடைசிவரை ஏழு தந்தியைவிடவில்லை. 1957இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி கொடுத்தது. 1967இல் மறைந்தார். 1980இல் பெங்களூருவில் அவர் பெயரில் எழுந்த சௌடையா நினைவு மண்டபமே வயலின் வடிவம். பிரடை, பாலம், வில், ஏழு தந்தி எல்லாம் உண்டு. வயலின் கேட்கவில்லை என்று கத்தியவனை இழுத்துவந்து வயலினுக்கு உள்ளேயே உட்காரவைத்துவிட்டார்கள். இதைவிடப் பெரிய பழிவாங்கல் வேறு இல்லை.

வாட்ஸ் படலம்

பந்தலின் கடைசி வரிசையைச் சமாளித்தாயிற்று. பந்தலுக்கே வராமல் வீட்டுத் திண்ணையில் கால் நீட்டியிருப்பவனை என்ன செய்வது?

மைசூர் மகாராஜா கல்லூரியில் மனோதத்துவப் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி. லண்டனில் ஸ்பியர்மன் என்ற பெரிய தலையிடம் படித்து டாக்டர் பட்டத்தோடு வந்தவர். ஊரில் மனோதத்துவத் துறையை 1924இல் ஆரம்பித்துவைத்தவரும் அவரே. மனித மனத்தை ஆராயப் போனவருக்கு, மனிதர்கள் சொல்வதைக் கேட்பதைவிட மனிதர்களைக் கேட்கவைப்பதில் ருசி தட்டியது. 1935 செப்டம்பர் 10ஆம் தேதி, ஒண்டிகொப்பலில் இருந்த 'விட்டல் விஹார்' என்ற தம் வீட்டிலிருந்து ஒலிபரப்பத் தொடங்கினார். டிரான்ஸ்மிட்டரின் வலு 30 வாட்ஸ். பழைய டியூப்லைட் 40 வாட்ஸ். ஆக ஒரு டியூப்லைட்டைவிடக் குறைவான வாட்ஸில் ஒரு சமஸ்தானத்துக்கே கச்சேரி வைக்கக் கிளம்பினார் பேராசிரியர்.

தமிழ்நாட்டுக்காரர்கள் இதைக் கேட்டு மைசூரைக் கேலி செய்ய வேண்டாம். நம் கணக்கும் அங்கேதான் ஆரம்பம். 1924இல் கிருஷ்ணசாமி செட்டியார் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பை ஆரம்பித்தபோது கையிலிருந்தது 40 வாட்ஸ். பிறகு அதை 200க்கு ஏற்றினார்கள். ஏற்றிய வேகத்தில் பணம் தீர்ந்து 1927இல் கதவைச் சாத்தினார்கள். மெட்ராஸ் கார்ப்பரேஷன் டிரான்ஸ்மிட்டரை வாங்கிக்கொண்டு 1930இல் மறுபடி பேச ஆரம்பித்தது. வாட்ஸ் ஏற ஏறக் கஜானா இறங்கும் என்பது பூகோள பேதமில்லாத உண்மை.

30 வாட்ஸ் போதவில்லை என்பது சீக்கிரமே தெரிந்தது. எப்படித் தெரிந்திருக்கும்? வேறெப்படி, ஊர்க்கோடியிலிருந்து எவனோ ஒருவன் "கேளிஸ்தா இல்லா" என்றிருப்பான். டிரான்ஸ்மிட்டர் 250 வாட்ஸ் ஆயிற்று. எட்டு மடங்கு. எட்டு மடங்கு சத்தமா என்றால், அதுதான் இல்லை. வாட்ஸ் எட்டு மடங்கானால் காற்றில் சமிக்ஞையின் வலு மூன்று மடங்குகூட ஆகாது. வர்க்கமூலம் என்ற வில்லன் குறுக்கே நிற்கிறான். டெசிபலில் சொன்னால் ஒன்பது சொச்சம். கரகரப்புக்கு மேலே பாட்டு தலைதூக்கும், அவ்வளவுதான். ஆனாலும் இது நேர்மையான ஏற்றம். பெரிய வால்வு, பெரிய மின்சாரம், பெரிய பில். கொடுத்த காசுக்கு வந்த சத்தம்.

அதே 1935இல் அதே ஊரில் ஆர்.கே. நாராயண் என்ற தமிழ் வீட்டுப் பிள்ளையின் முதல் நாவல் லண்டனில் அச்சாகி வந்தது. ஆக ஒரே வருடத்தில் மைசூர் இரண்டு வழியில் தூரத்துக்குக் குரல் கொடுத்திருக்கிறது. ஒன்றுக்கு 30 வாட்ஸ் தேவைப்பட்டது, மற்றதற்கு ஒரு மை பாட்டில் போதுமாயிற்று.

பேராசிரியரின் நிலையத்துக்கு 'ஆகாசவாணி' என்று பெயர். வைத்தது அவரா, சரித்திரப் பேராசிரியரும் கன்னட நகைச்சுவை எழுத்தாளருமான நா. கஸ்தூரியா என்று இரண்டு கட்சி உண்டு. சண்டை தீராததற்குக் காரணம், பிறகு அந்தப் பெயருக்குக் கிடைத்த மவுசு. 1942இல் சமஸ்தானம் நிலையத்தை எடுத்துக்கொண்டது. 1950இல் அகில இந்திய வானொலி சமஸ்தானத்திடமிருந்து எடுத்துக்கொண்டது. 1955இல் பெங்களூரு மைசூரிடமிருந்து எடுத்துக்கொண்டது. எல்லோரும் எடுத்துக்கொண்டது போக, டெல்லி அந்தப் பெயரையும் எடுத்துக்கொண்டது. டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி 'ஆகாசவாணி' என்று சொல்லித் தமிழில் செய்தி வாசிக்கத் தொடங்கினால், நம் வீடுகளில் தோசைக் கரண்டி அந்தரத்தில் நிற்கும். ஒண்டிகொப்பல் வீட்டுக்கும் அந்தக் கரண்டிக்கும் உள்ள சம்பந்தம் யாருக்கும் தெரியாது. 2023 மே மாதத்தில் 'ஆல் இந்தியா ரேடியோ'வை அடியோடு விட்டுவிட்டு ஆகாசவாணி என்று மட்டுமே சொல்லும்படி உத்தரவே வந்துவிட்டது. 30 வாட்ஸுக்கு இது மோசமில்லை.

ராஜா படலம்

கடைசி வரிசைக்காரன் என்றால் ஏழை என்று நினைத்துவிட வேண்டாம். மைசூரின் மிகப் பெரிய கடைசி வரிசைக்காரர் சாட்சாத் ஜெயசாமராஜ உடையார்.

1940இல், 21 வயதில் பட்டத்துக்கு வந்தார். கர்நாடக சங்கீதத்தில் 94 கீர்த்தனைகள் இயற்றினார். பிற்காலத்தில் நம் மெட்ராஸ் மாநிலத்துக்குக் கவர்னராகவும் வந்து உட்கார்ந்தார். ஆனால் மனசு மேற்கத்திய இசையில். கச்சேரியெல்லாம் லண்டனில் நடக்கிறது, ராஜ்யமோ சாமுண்டி மலையடியில். மேடைக்கும் இவருக்கும் நடுவே இரண்டு சமுத்திரம். எந்தப் பந்தலிலும் இவ்வளவு பின்னால் யாரும் உட்கார்ந்ததில்லை.

எனவே அரண்மனையில் சுமார் 20,000 இசைத்தட்டுகள் சேர்ந்தன. ஒலிபெருக்கிகளும் வகைவகையாகச் சேர்ந்தன. லண்டனிலிருந்து வந்த வால்டர் லெக் என்ற ரெக்கார்டிங் புலி (இது நிஜப் புலி, உறுமத் தெரிந்தது) அந்த அறையைப் பார்த்து மலைத்துப் போய் எழுதிவைத்தார். மெட்னர் என்ற ரஷ்யக் கிழவரின் இசையை யாரும் தட்டில் பதியவில்லையா? மகாராஜா பணம் அனுப்பினார், சங்கமே அமைத்துப் பதிவு செய்தார்கள். நெகிழ்ந்துபோன மெட்னர் தமது மூன்றாவது பியானோ கன்சர்ட்டோவை மைசூர் மகாராஜாவுக்கே சமர்ப்பித்தார். சாமுண்டேஸ்வரி தவிர்த்து மைசூரில் ரஷ்யாக்காரரிடம் காணிக்கை வாங்கியவர் இவர் ஒருவரே.

உச்சக்காட்சி 1950 மே 22. ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் சாவதற்கு முன் எழுதிய நாலு பாட்டுகள் ராயல் ஆல்பர்ட் ஹாலில் முதன்முதலாக அரங்கேறின. பாடியவர் கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட், நடத்தியவர் ஃபுர்ட்வாங்ளர். அந்தக் காலத்தில் அதற்கு மேல் ஆள் கிடையாது. கச்சேரிக்கு 4,800 டாலர் உத்தரவாதம் கொடுத்தவர் மைசூர் மகாராஜா. ஒரே நிபந்தனை: தட்டில் பதிந்து மைசூருக்கு அனுப்ப வேண்டும்.

பதிந்தார்கள். அந்த அரங்கேற்றத்தின் பதிவு என்று இன்று கிடைப்பதைப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். கரகரவென்று ஒரு ரயில் ஓடுகிறது. ரயிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஃப்ளாக்ஸ்டாட் பாடுகிறார். உலகத்தின் ஒப்பற்ற குரல், ஒப்பற்ற வாத்தியக் குழு, இங்கே வகைவகையான ஒலிபெருக்கி, நடுவில் ஒரு சுமாரான தட்டு. ஒலிபெருக்கியை ஏற்றினால் என்ன ஆகும்? ரயிலும் சேர்ந்து பெருகும். ஆடியோக்காரர்கள் ஓயாமல் படிக்கும் வேதம் இதுதான்: மூலத்தில் இல்லாததை ஆம்ப்ளிஃபையர் தராது. அந்த வேதத்தை இவ்வளவு செலவு செய்து நிரூபித்தவர் வேறு யாருமில்லை.

ரெசிஸ்டன்ஸ் படலம்

மன்னராட்சி போயிற்று, மானியமும் போயிற்று. சத்தத்தை ஏற்றும் பொறுப்பு மக்களிடம் வந்தது. மக்கள் அதை ரேடியோ மெக்கானிக்கிடம் ஒப்படைத்தார்கள்.

1980, 90களில் எல்லா ஊரிலும் ஒரு கடை இருக்கும். வாசலில் வயிறு கிழிந்த டேப்ரிகார்டர்கள், உள்ளே சால்டரிங் அயன் புகை. சென்னைக்கு ரிச்சி தெரு என்றால் மைசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு எஸ்.பி. ரோடு. அங்கிருந்து வரும் 'டிடிஏ 2030' என்ற ஐந்து காலுள்ள ஐசி ஒன்று, கீழே ஒரு அலுமினியத் தகடு, பக்கத்தில் டிரான்ஸ்பார்மர். அசெம்பிள்டு ஆம்ப் தயார். கம்பெனி செட்டு வாங்கும் காசில் மூன்று வீட்டுக்குச் செய்யலாம்.

வாடிக்கையாளர் இரண்டாம் நாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்.

"அண்ணே, சவுண்டு பத்தலைண்ணே."

"வால்யூம் முழுசா வெச்சியா?"

"முழுசா வெச்சும் எதிர்வீட்டுக்குக் கேக்கலைண்ணே."

எதிர்வீட்டுக்காரர் புகார் கொடுத்தாரா என்று மெக்கானிக் கேட்கமாட்டார். மூடியைத் திறப்பார். ஐசி பக்கத்தில் இரண்டு ரெசிஸ்டன்ஸ். ஒன்று 22 கே, இன்னொன்று 680 ஓம்ஸ். நீலம், சாம்பல், பழுப்பு என்று மூன்று வளையம் போட்டிருக்கும் குட்டி ஆசாமி அந்த 680தான். உள்ளே வரும் சமிக்ஞையை எத்தனை மடங்காக்கி வெளியே அனுப்புவது என்று இந்த இரண்டின் விகிதம்தான் தீர்மானிக்கிறது. 22,000ஐ 680ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 33 மடங்கு. மெக்கானிக் 680ஐ உருவிவிட்டு 330 ஓம்ஸை வைப்பார், ஈயத்தை ஒரு சொட்டு விடுவார். இப்போது ஏறக்குறைய 68 மடங்கு! எட்டணாக்கூடப் பெறாத சாமானில் ஆறு டெசிபல். சௌடையா மூன்று துளை போட்டுப் பெற்றதைப் போல இரட்டிப்பு.

பாட்டைப் போட்டதும் கடையே அதிரும். வாடிக்கையாளர் முகத்தில் தேஜஸ். வீட்டுக்குப் போய்க் குமிழியை முழுசாகத் திருப்பியதும்தான் குட்டு வெளிப்படும். ஐசிக்கு மின்சாரம் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர் பழையதேதான். கூட்டல் 14, கழித்தல் 14 வோல்ட்டுக்குள் அந்த ஐசி குதித்துக்கொள்ள வேண்டும். ரெசிஸ்டன்ஸை மாற்றி அதைப் பெரிதாகக் குதிக்கச் சொல்வது, தாழ்ந்த கூரைக்கடியில் நெட்டையனை ஸ்கிப்பிங் ஆடச் சொல்வது. அலையின் தலை ஒவ்வொரு முறையும் கூரையில் இடித்துத் தட்டையாகும். குன்று மாதிரி வர வேண்டிய அலை பெட்டி மாதிரி வரும். சுசீலாம்மா ஜலதோஷம் பிடித்துப் பாடுவார், நாகஸ்வரம் மாவு மில்லாகும். தட்டையான அலையிலிருந்து கூரிய உச்ச ஒலிகள் கிளம்பி நேரே குட்டி ஸ்பீக்கரான ட்வீட்டரைப் போய்ச் சுடும். ஒரு மாதத்தில் ட்வீட்டர் சமாதி. வாடிக்கையாளர் மறுபடி கடைக்கு வருவார்.

"அண்ணே, மேல் சவுண்டு பத்தலைண்ணே."

கோபாலசாமி ஏற்றியது வலு. இவர்கள் ஏற்றியது பெருக்கம் மட்டும். வலுவுக்குக் காசு வேண்டும், பெருக்கத்துக்கு ஒரு சொட்டு ஈயம் போதும். எது ஜெயித்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றும் மோட்டார் சைக்கிளில் பாட்டுப் போடுகிறவன் முதல் மண்டபத்தில் டிஜே வைப்பவர் வரை எல்லோரும் அந்த 330 ஓம்ஸின் வம்சம்தான்.

யானைப் படலம்

மைசூரில் சத்தத்துக்கு முன்கூட்டியே தயார்படுத்தப்படும் குடிமக்கள் ஒரு சாரார் மட்டுமே உண்டு. அவர்கள் யானைகள், கூடவே குதிரைகள். தசரா ஜம்பு சவாரியில் பீரங்கி 21 முறை முழங்கும். அதற்கு யானைகள் மிரளக் கூடாது என்று வாரக்கணக்கில் முன்னதாகவே அவற்றை நிறுத்திவைத்துப் பீரங்கி வெடித்துப் பழக்குகிறார்கள். குதிரைகளுக்கும் அதே பயிற்சி உண்டு. யுவ தசரா மேடையில் ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கும்போது மனிதர்களுக்கு அப்படி எந்த ஒத்திகையும் கிடையாது. யானையின் காது பெரிது என்பதால் மரியாதையும் பெரிது போலிருக்கிறது. அந்த யுவ தசரா பல வருடங்கள் நடந்த இடம் மகாராஜா கல்லூரி மைதானம். 30 வாட்ஸில் ஊரைக் கூப்பிட்ட மனோதத்துவப் பேராசிரியர் பாடம் நடத்திய அதே கல்லூரி.

சட்டம் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது. பத்து மணி அடித்ததும் கைப்பிடியை ஒளித்துவைக்கும் அதிகாரம் இப்போது போலீசுக்கு வந்திருக்கிறது. திப்புவின் புலிக்கு முன்னால் படிப்பு கெட்ட பண்டிதர்களின் ஆவி இதனால் சாந்தியடைந்திருக்கலாம்.

இத்தனை படலமும் கேட்டவர்களுக்குப் பலசுருதி சொல்லாவிட்டால் புராணம் நிறைவாகாது. சத்தம் போதவில்லை என்று தோன்றும்போது 680 ஓம்ஸின் மேல் கைவைக்காதீர்கள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எழுந்திருங்கள். திறந்தவெளியில் மேடைக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் சத்தம் 6 டெசிபல் ஏறும், மெக்கானிக் கூட்டிக் கொடுத்த அதே 6. ஈயம் வேண்டாம், ட்வீட்டர் சாகாது, ஃப்ளாக்ஸ்டாடும் ரயிலுக்கு இந்தப் பக்கம் வந்துவிடுவார். இடம் கிடைக்குமா என்ற சந்தேகமும் வேண்டாம். எந்த ஊர் சபாவிலும் முதல் இரண்டு வரிசை சோபா வி.ஐ.பி.களுக்காக ஒதுக்கப்பட்டுக் காலியாகவே இருக்கிறது. வி.ஐ.பி. வரமாட்டார். நீங்கள் போய் உட்காருங்கள்.